பழைய விசைப்படகுக்குப் புதிய எண்ணெய்த் தொட்டி

உழவனுக்கு ஏரும் எருதும் எப்படியோ, அப்படியே கடற்கரையில் வாழும் மீனவனுக்குப் படகும் எஞ்சினும். ஏர் பழுதுற்றால் ஒரு நாள் உழவு நிற்கும். மறுநாள் தச்சனைக் கொண்டு சரிசெய்துகொள்ளலாம். கரையிலிருந்து பல மைல் தொலைவில் எஞ்சின் நின்றுவிட்டாலோ, நிற்பது தொழில் மட்டும் அன்று. படகிலுள்ளோர் உயிரும் ஊசலாடுகிறது. அவ்வாறு எஞ்சின் நின்றுபோவதற்குரிய காரணங்களுள் ஒன்று, எவர் கண்ணிலும் படாமல் படகின் இருட்டறையில் கிடக்கும் பழைய டீசல் தொட்டியாகும். எஞ்சினைத் துடைத்து எண்ணெயிட்டுப் போற்றுகிறோம்; வலையைப் பின்னிச் செப்பனிடுகிறோம்; படகுக்கு ஆண்டுதோறும் வர்ணம் பூசுகிறோம். தொட்டியை மட்டும் ஒழுகத் தொடங்கும் வரையில் மறந்துவிடுகிறோம். அதனை எப்போது மாற்றவேண்டும், எவ்வாறு மாற்றவேண்டும் என்பதுபற்றிய சில செய்திகளைக் கடற்கரை ஊராட்சிகளின் உறுப்பினர்களுக்கும், டீசல் எஞ்சின் வைத்திருக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் இங்கே கூற விரும்புகிறோம்.

நம் நாட்டில் மீன்பிடி படகுகளில் எஞ்சின் பொருத்தும் முயற்சி நாடு விடுதலை பெற்ற பின்னரே பரவலாயிற்று. 1952-ஆம் ஆண்டில் கையெழுத்தான இந்திய-நார்வே ஒப்பந்தத்தின் பயனாக, இன்றைய கேரளத்தில் கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் அம்முயற்சி ஊன்றப்பெற்றது. தமிழகக் கரையிலும் பாய்மரம் இருந்த இடத்தில் டீசல் எஞ்சின் அமர்ந்தது. இன்று நம் துறைகளில் புதிய படகுகளும் உண்டு. பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த படகுகளும் உண்டு. பழைய படகுகளில் எஞ்சினை இடையில் மாற்றியிருப்பர், பலகையையும் மாற்றியிருப்பர். தொட்டி மட்டும் படகு கட்டிய நாளில் வைத்ததாகவே இருப்பதைப் பல இடங்களில் காணலாம்.

ஒரு படகின் கதை

நாம் பணிபுரியும் வட்டாரத்தைச் சேர்ந்த கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் 2021-ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் நிகழ்ந்ததை முதலில் கூறுவோம். மரத்தாலான பழைய விசைப்படகு ஒன்று ஐந்து பேருடன் கடலுக்குச் சென்றது. போகும்போது எஞ்சின் குறையின்றி ஓடியது. பிற்பகலில் காற்று வலுத்து அலை ஓங்கியது. வலையை வாரிக்கொண்டு கரைக்குத் திரும்புகையில் எஞ்சின் இருமுறை திணறி நின்றுவிட்டது. டீசல் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தபோது, அதில் கரிய குழம்பு அடைத்துக்கொண்டிருந்தது. கையிலிருந்த மாற்று வடிகட்டியைப் பொருத்தினர். கால் மணி நேரத்தில் எஞ்சின் மீண்டும் நின்றது. வேறு வடிகட்டி இல்லை. இருட்டியபின் அவ்வழியே வந்த மற்றொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தமையால் ஐவரும் கரை சேர்ந்தனர்.

மறுநாள் நாம் அவ்வூருக்குச் சென்றிருந்தோம். படகின் உரிமையாளர், "எஞ்சின் புதுசு ஐயா, அதில் குறை இல்லை. பங்கில் போட்ட டீசல்தான் மோசமாக இருந்திருக்கும்" என்றார். படகை ஓட்டிய முதியவரோ, "டீசலைக் குறை சொல்லாதே தம்பி, தொட்டியைத் திறந்து பார்" என்றார். திறந்து பார்த்ததில், அடியில் நான்கு விரற்கடை உயரத்திற்குச் சேறு போன்ற வழவழப்பான அழுக்கும், அதன்கீழ் நீரும் இருந்தன.

போகும்போது ஓடிய எஞ்சின் திரும்பும்போது ஏன் நின்றது என்று சிலர் கேட்கலாம். கடல் அமைதியாக இருக்கும்போது அழுக்கும் நீரும் தொட்டியின் அடியில் படிந்து கிடக்கும். மேலேயுள்ள தெளிந்த டீசல் மட்டும் எஞ்சினுக்குச் செல்லும். அலையில் படகு உருண்டு ஆடும்போது அடியிலிருப்பது முழுவதும் கலங்கிக் குழாய்க்குள் ஏறிவிடும். ஆதலின் பழைய தொட்டி நல்ல நாளில் நம்மைக் கைவிடுவதில்லை. புயற்காற்றில், எஞ்சின் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் கைவிடுகிறது. இதனை நன்கு உணர்ந்துகொண்டால், தொட்டியைப்பற்றிய மற்றச் செய்திகள் எளிதில் விளங்கும்.

தொட்டி கெடுவது எதனால்?

டீசல் இரும்பை அரிப்பதில்லை. அரிப்பது நீர். ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ 830 கிராம் எடையுள்ளது. ஒரு லிட்டர் நீர் 1000 கிராம். கடல்நீர் அதனினும் சற்று மிகுதி. எனவே தொட்டிக்குள் எவ்வழியிலேனும் புகுந்த நீர், டீசலின் கீழே சென்று தொட்டியின் அடித்தகட்டைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். மேல்தளத்திலுள்ள மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால் அவ்வழியே நீர் இறங்கும். காற்றுக்குழாயின் வாய் மேல்நோக்கி இருந்தால் அலைநீர் புகும். பாதி காலியான தொட்டிக்குள் இருக்கும் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து துளித்துளியாக வடியும். டீசல் கொண்டுவரும் பீப்பாயில் நீர் இருப்பதும் உண்டு.

டீசலும் நீரும் கூடும் எல்லையில் கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிகளும் பூஞ்சையும் வளர்கின்றன. அவை டீசலை உண்டு, நீரில் வாழ்ந்து, வழவழப்பான அழுக்கை உண்டாக்குகின்றன. அவற்றினின்று பிறக்கும் அமிலம் தகட்டை மேலும் அரிக்கிறது. மேற்சொன்ன படகின் வடிகட்டியை அடைத்தது இவ்வழுக்கே.

இது உட்புறக் கேடு. இதனினும் கொடியது வெளிப்புறக் கேடு. படகின் அடிவயிற்றில் கசிநீர் எப்போதும் தேங்குகிறது. தொட்டியை வங்குகளின்மேல் நேரே வைத்து, அசையாதிருக்கும் பொருட்டுப் பலகை, சாக்கு, சிமெண்டு, பஞ்சு போன்ற பொருள்களை அடியில் திணித்துவிடுகின்றனர். இவை உப்புநீரை உறிஞ்சி, ஆண்டு முழுவதும் தகட்டோடு ஒட்டி வைத்திருக்கின்றன. மேற்புறத்தில் பூசிய வர்ணம் புதிதுபோல் மின்னும். அடிப்புறமோ ஏடு ஏடாக உரிந்துகொண்டிருக்கும். குதிரின் அடியில் கறையான் பற்றியதை நெல் சரியும்போதுதான் அறிகிறோம் அல்லவா? அது போன்றதே இதுவும்.

மாற்றவேண்டிய காலத்தை அறிவது எப்படி?

கீழ்க்கண்ட அறிகுறிகளுள் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் தொட்டியைச் சோதிக்கவேண்டும்.

1. எஞ்சின் அறையைத் திறந்தவுடன் டீசல் நெடி வீசுதல்; கசிநீரின்மேல் பல நிறமாக எண்ணெய்ப் படலம் மிதத்தல்.

2. முன்பு பல மாதங்கள் உழைத்த வடிகட்டி சில வாரங்களிலேயே அடைத்துக்கொள்ளுதல். வடிகட்டியின் கிண்ணத்தில் நீர் தங்குதல்.

3. தொட்டியின் மூலைகளிலும் பற்றவைத்த இணைப்புகளிலும் வர்ணம் கொப்புளித்தல், ஈரம் காணுதல்.

4. படகு கரையில் நிற்கும்போதே டீசலின் அளவு குறைதல். அளவுகோலை விட்டுக் குறித்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

தொட்டியின் அடிப்புறத்தைக் கையால் தடவிப் பார்ப்பதே சிறந்த சோதனை. கை நுழையாத இடமாயின், சிறு கண்ணாடியையும் டார்ச்சு விளக்கையும் கொண்டு பார்க்கலாம். பார்க்கவே இயலாதவாறு வைக்கப்பட்ட பழைய தொட்டியை ஐயத்திற்குரியதாகவே கொள்ளவேண்டும்.

ஒழுகும் இடத்தில் பசை பூசியோ, தகடு ஒட்டியோ காலம் கடத்தலாகாதா என்பர் சிலர். மேற்கூறிய படகின் உரிமையாளரும் அவ்வாறே செய்தார். தொட்டியைக் கழுவி, ஓட்டை விழுந்திருந்த மூலையில் ஒட்டுப் போட்டு ஓட்டினார். தைத் திங்களில் ஒட்டின் அருகிலேயே மறுபடியும் ஒழுகியது. நைந்த துணியில் ஒட்டுப் போட்டால், ஒட்டைச் சுற்றித்தான் கிழியும். ஓரிடத்தில் துளை விழுந்த தகடு அதனைச் சுற்றிலும் காகிதம்போல் மெலிந்தே இருக்கும். ஒட்டு என்பது கரைக்கு வந்து சேர உதவுவது. அடுத்த பருவத்திற்கு உதவுவதன்று.

வேலைக்கு ஏற்ற காலம்

தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலமாகும். 2001-ஆம் ஆண்டு முதல் 45 நாள்களாக இருந்த இத்தடை, மீன்வளம் பெருகுவதற்காகப் பின்னர் 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. மீனுக்கு ஓய்வு தரும் இக்காலமே படகுக்கு மருத்துவம் செய்யும் காலமுமாகும். மீன்வளத் துறையினர் படகுகளை நேரில் ஆய்வு செய்வதும் இக்காலத்தில்தான். வர்ணம் பூசுவதை முதலில் முடித்துவிட்டுத் தொட்டி வேலையைக் கடைசி வாரத்திற்குத் தள்ளுவது தவறு. அப்போது வெல்டிங் வேலையாளும் தச்சரும் கிடைப்பது அரிது. அவசரத்தில் சோதனையும் விடுபட்டுப்போகும். தடைக்காலத்தின் முதல் இரு வாரங்களில் தொட்டியை வெளியே எடுத்துவிடவேண்டும்.

வெறுந்தொட்டியே பேரபாயம்

பழைய தொட்டியைக் கழற்றுகையில் மறக்கக்கூடாத விதி ஒன்றுண்டு. டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆகியவற்றுள் எதனையேனும் ஒருமுறை கொண்டிருந்த தொட்டியின் அருகே வெல்டிங் நெருப்பைக் கொண்டுசெல்லலாகாது.

2022-ஆம் ஆண்டு தடைக்காலத்தில் அப்படகு கரையேற்றப்பட்டபோது, பழைய தொட்டியை வெளியே எடுக்காமல் உள்ளேயே தகடு வைத்துப் பற்றவைத்துவிடலாம் என்று உரிமையாளர் கடைசியாக ஒருமுறை எண்ணினார். வெல்டிங் செய்ய வந்த இளைஞரும், "காலி டாங்கிதானே ஐயா, டீசலைத்தான் வடித்தாயிற்றே" என்று கருவியை எடுத்துவிட்டார். ஓட்டுநராகிய முதியவர் குறுக்கே நின்று தடுத்தார். அவர் தடுத்தது சரி. தீப்பற்றுவது திரவமாகிய எண்ணெய் அன்று. அதினின்று எழும் ஆவி காற்றோடு கலந்தே பற்றுகிறது. நிறைந்த தொட்டியில் அக்கலவைக்கு இடம் குறைவு. வடித்த தொட்டியிலோ உள்ளே முழுவதும் காற்று; மடிப்புகளிலும் துருவின் அடியிலும் ஒட்டிய எண்ணெய் வெல்டிங் சூட்டில் ஆவியாகிறது. மூடிய தொட்டிக்குள் அது பற்றினால் தொட்டி வெடிகுண்டாகிவிடும். "காலியாகத்தானே இருக்கிறது" என்னும் சொல்லால் உயிரிழந்தோர் உலகெங்கும் உளர்.

ஆகவே கழற்றும் வேலையைப் பின்வரும் முறையில் செய்தல் வேண்டும். முதலில் பாட்டரி இணைப்பை நீக்குக. எஞ்சின் அறையின் கதவுகளைத் திறந்து காற்றோட விடுக. பீடி, சிகரெட், அடுப்பு ஆகிய எதுவும் படகில் இருத்தல் கூடாது. எஞ்சியுள்ள டீசலைக் கைப்பம்பினால் பீப்பாயில் இறைத்து மூடிவைக்க. ஒவ்வொரு குழாயையும் கழற்றும்போது அஃது எதனோடு இணைந்திருந்தது என்று சீட்டு எழுதிக் கட்டுக. தொட்டியை முழுதாகவே வெளியே எடுக்க முயலவேண்டும். வழி போதாவிடின் மேல்தளப் பலகைகள் சிலவற்றைக் கழற்றுவது நல்லது. பலகையை மறுபடியும் பொருத்தலாம். உயிரைப் பொருத்த முடியாது. துண்டாக்கித்தான் எடுக்கவேண்டுமெனில், நன்கு கழுவி, ஆவி நீங்கியதை இத்தொழிலில் தேர்ந்தவர் சோதித்த பின்னரே, கை இரம்பத்தால் அறுக்கவேண்டும். தீப்பொறி பறக்கும் அறுவைக் கருவி கூடாது.

பெரிய தொட்டிக்குள் ஆளை இறக்கிக் கழுவுவதும் தகாது. இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளேயுள்ள காற்றின் உயிர்வளியை எடுத்துக்கொள்கிறது. அத்துடன் எண்ணெய் ஆவியும் நிறைந்திருக்கும். பாழ்ங்கிணற்றில் இறங்கி மூச்சடைத்து மயங்குவது போன்ற விபத்து இங்கும் நேரும்.

எத்தகடு நன்று?

இரும்புத் தகடு எங்கும் கிடைப்பது. எவரும் பற்றவைக்கக் கூடியது. டீசலுக்கு அது முற்றும் ஏற்றது. 3 மில்லிமீட்டருக்குக் குறையாத தகடாக இருத்தல் வேண்டும். பெரிய தொட்டிக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர் நல்லது. வெளிப்புறம் துருவை முற்றும் நீக்கி, எபாக்சி வர்ணம் பூசுதல் அவசியம். உட்புறம் வர்ணம் வேண்டுவதில்லை. உரிந்துவரும் வர்ணமும் வடிகட்டியை அடைக்கும்.

எவர்சில்வர் தகடு விலை மிக்கது. துருப்பிடிக்காது என்பது பொதுவான நம்பிக்கை. காற்றுப் படாமல் உப்புநீர் தேங்கும் இடத்தில் அதுவும் ஊசிமுனையளவாகத் துளைபடும். பற்றவைத்த ஓரங்களில் இது மிகுதி. கடலுக்கென உள்ள உயர்ந்த வகையாகிய 316 எண் தகட்டைக் கேட்டு வாங்குதல் வேண்டும். அலுமினியம் எடை குறைந்தது. ஆயினும் ஈர மரத்தோடும், செம்பு பித்தளைப் பொருள்களோடும் நேரே தொட்டுக்கொண்டிருந்தால் விரைவில் அரிபடும்.

நாகமுலாம் பூசிய ஜி.ஐ. தகடு வீட்டில் நீர்த்தொட்டிக்கு நல்லது, டீசலுக்கு ஆகாது. டீசலிலுள்ள அமிலத்தோடு நாகம் சேர்ந்து சோப்புப் போன்ற பொருளாகி இஞ்செக்டரை அடைக்கும். செம்பும் அவ்வாறே டீசலைப் பிசினாக்கும். நீர் வைக்கும் பிளாஸ்டிக் பீப்பாயைத் தொட்டியாக உபயோகித்தலும் தவறு. அது எஞ்சின் சூட்டில் இளகும், தீயில் உருகும், அலையில் நிலைகொள்ளாது.

அளவும் அமைப்பும்

நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் தொட்டியின் கொள்ளளவு லிட்டரில் கிடைக்கும். அப்படகின் பழைய தொட்டி 120 சென்டிமீட்டர் நீளமும், 80 சென்டிமீட்டர் அகலமும், 75 சென்டிமீட்டர் உயரமும் உடையது. அதாவது 720 லிட்டர். நிறைந்த டீசலின் எடை மட்டும் ஏறத்தாழ 600 கிலோ. எஞ்சின் அறையின் வாய் 60 சென்டிமீட்டர் அகலமே உடையதாதலின், இதனை வெளியே எடுக்க மேல்தளத்தைத் திறக்க நேர்ந்தது. அதே அளவில் மற்றொன்று செய்யாமல், 40 சென்டிமீட்டர் அகலத்தில் இரு தொட்டிகள் செய்யப்பட்டன. ஒவ்வொன்றும் 360 லிட்டர். இரண்டும் சேர்ந்து பழைய கொள்ளளவே ஆயிற்று. இவை வாயில் வழியே நுழையும். மறுமுறை மாற்ற மேல்தளத்தைத் தொடவேண்டுவதில்லை. வலம் ஒன்றும் இடம் ஒன்றுமாக வைத்ததால் படகின் எடை ஒருபுறம் சாயவில்லை. ஒன்றில் அழுக்குச் சேர்ந்தாலும் மற்றொன்றைக் கொண்டு கரை சேரலாம்.

தொட்டி செய்விக்கும்போது கவனிக்க வேண்டியவை வருமாறு:

தடுப்புத் தகடு: பாதி நிறைந்த தொட்டியில் டீசல் அங்குமிங்கும் புரண்டு மோதுவதால் தகட்டிணைப்பு பிளப்பதோடு, படகின் சாய்வும் மிகும். 120 சென்டிமீட்டர் நீளத்திற்கு இரண்டு தடுப்புகள் வேண்டும். அடியிலும் மேலேயும் டீசலும் காற்றும் செல்ல வழி விடவேண்டும்.

கைவாய்: ஒவ்வோர் அறைக்கும் கை நுழையுமளவு ஒரு திறப்பும், அதற்குக் கேஸ்கட்டோடு கூடிய மூடியும் மேற்புறத்தில் அமைக்கவேண்டும். கழுவ இயலாத தொட்டி விரைவில் பழைய தொட்டியாகிவிடும்.

குழி: அடித்தகடு ஒருபுறம் சற்றே சரிந்து, சிறு குழியில் முடியவேண்டும். நீரும் அழுக்கும் அங்கே கூடும். அதில் வால்வும், வால்வின் வாயில் திருகுமூடியும் வைத்து அவ்வப்போது வடித்துவிடலாம்.

எடுக்கும் குழாய்: மேற்புறத்திலிருந்து இறங்கி, அடிக்கு மேல் இரண்டு மூன்று விரற்கடை உயரத்தில் நிற்கவேண்டும். தொட்டியை ஒட்டி ஒரு வால்வு அவசியம். தீவிபத்தின்போது அதனை மூடிவிடலாம்.

திரும்பும் குழாய்: டீசல் எஞ்சின் தான் எடுத்த எண்ணெயில் ஒரு பகுதியைத் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறது. இரு தொட்டிகள் உள்ள படகில், எதிலிருந்து எடுக்கிறோமோ அதற்கே திரும்புமாறு வால்வுகள் அமைக்கவேண்டும். இல்லையேல் ஒன்று காலியாக, மற்றொன்று நிரம்பி வழியும்.

காற்றுக்குழாய்: மேல்தளத்திற்கு மேலே உயர்ந்து, கொக்கின் கழுத்துப்போல் வளைந்து, வாய் கீழ்நோக்கி இருத்தல் வேண்டும். வாயில் மெல்லிய கம்பிவலை கட்டுக. இக்குழாய் அடைபட்டால் எஞ்சின் டீசலை இழுக்க முடியாமல் நின்றுவிடும். டீசல் சூட்டில் விரிவடைவதையும் மறக்கலாகாது. 720 லிட்டர் டீசல் 10 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 6 லிட்டர் பெருகும். ஆதலின் தொட்டியைக் கழுத்துவரை நிரப்பாமல் சிறிது இடம் விடவேண்டும்.

படகில் ஏற்றுமுன் சோதனை

புதிய தொட்டியைப் படகில் வைத்தபின் ஒழுக்கைத் தேடுவது வீண் உழைப்பு. கரையிலேயே மரக்கட்டைகளின்மேல் உயர்த்தி வைத்துச் சோதிக்கவேண்டும். சில பட்டறைகளில் லாரிச் சக்கரத்திற்குக் காற்றடிக்கும் கருவியை இணைத்துவிடுகின்றனர். இது பெருந்தவறு. 120-க்கு 75 சென்டிமீட்டர் உள்ள பக்கத் தகட்டின் பரப்பு 9000 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் ஏறினாலே அத்தகட்டின்மேல் 9000 கிலோ, அதாவது 9 டன் பாரம் ஏறும். தொட்டி வீங்கிப் பிளந்துவிடும்.

நம் சிற்றூர்களில் செய்யக்கூடிய எளிய முறை ஒன்றுண்டு. தொட்டியின் மற்ற வாய்களை அடைத்து, நிரப்பும் வாயில் 2 மீட்டர் உயரமுள்ள குழாய் ஒன்றைச் செங்குத்தாகப் பொருத்தி, உள்ளேயுள்ள காற்றை வெளியேற்றிக்கொண்டே, குழாயின் உச்சிவரை நீர் நிரப்புக. 2 மீட்டர் உயர நீர் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம் அழுத்தம் தரும், இவ்வளவே போதுமானது. ஒரு மணி நேரம் குழாயில் நீர்மட்டம் இறங்காமலும், இணைப்புகளில் ஈரம் கசியாமலும் இருந்தால் தொட்டி தேறியதாகும். கசிந்தால் நீரை வடித்துப் பற்றவைத்து மறுபடியும் சோதிக்கவேண்டும். இத்தொட்டி இன்னும் எண்ணெய் காணாததாதலின் பற்றவைப்பதில் அபாயமில்லை. சோதனை முடிந்ததும் ஒரு துளி ஈரமும் இன்றி உலர்த்துதல் அவசியம்.

அமர்த்தும் முறையே ஆயுளைத் தீர்மானிக்கும்

இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது இப்பகுதியையே. எவ்வளவு தடித்த தகடாயினும், பழைய தொட்டி கிடந்த அதே ஈரப்படுக்கையில் புதியதையும் கிடத்தினால் அதே முடிவுதான் ஏற்படும். தொட்டியை மாற்றுவதைவிடத் தொட்டியின் படுக்கையை மாற்றுவதே முக்கியம்.

பழைய தொட்டி இருந்த இடத்தைக் கழுவி, வங்குகளும் பலகைகளும் உளுத்திருக்கின்றனவா என்று பார்த்துச் செப்பனிடுக. கசிநீர் எட்டாத உயரத்தில் குறுக்குச் சட்டங்கள் அமைத்து அவற்றின்மேல் தொட்டியை ஏற்றுக. சட்டத்திற்கும் தகட்டிற்கும் இடையே நீரை உறிஞ்சாத கெட்டியான பட்டைகளைத் தகட்டோடு நன்கு ஒட்டி வைக்கவேண்டும். சாக்கும் பஞ்சும் சிமெண்டும் கூடவே கூடாது. அடியிலும் நான்கு புறமும் கை நுழையுமளவு இடம் விடுக. காற்று உலவும் இடத்தில் ஈரம் தங்காது, கை எட்டும் இடத்தில் துரு ஒளியாது. பிறகு உறுதியான இரும்புப் பட்டைகளால் இறுகப் பிணிக்கவேண்டும். அலையில் படகு எழுந்து விழும்போது 300 கிலோ டீசல் தன் எடையைப்போல் பன்மடங்கு விசையுடன் இழுக்கும் என்பதை நினைவிற்கொள்க.

பழைய ரப்பர்க் குழாய்களைப் புதிய தொட்டியில் பொருத்துவது, புதுப் பானையில் பழங்கஞ்சியை ஊற்றுவது போலாம். எண்ணெய்க்கென்றே செய்யப்பட்ட புதிய குழாய்களையும் புதிய கிளிப்புகளையும் உபயோகிக்கவேண்டும். வடிகட்டியையும் மாற்றுக. முதலில் கால் பங்கு டீசல் ஊற்றி ஓரிரவு வைத்துப் பார்க்கவேண்டும். குழாய்களிலுள்ள காற்றை நீக்கி எஞ்சினை ஓட்டியபின், முதற் பயணத்தைக் கரையை அடுத்த கடலிலேயே முடித்துக்கொள்ளுதல் நல்லது.

பின்னர்க் கவனிக்கவேண்டியவை சிலவே. கடலுக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும், படகு அசையாது நின்ற பின்னர், தெளிந்த டீசல் வரும்வரை குழியிலுள்ள நீரை ஒரு டப்பாவில் வடித்துவிடுக. தடைக்காலத்தில் தொட்டியைப் பாதி காலியாக விடாமல் நிறைத்து வைக்க. மூடியின் வாஷரை ஆண்டுக்கொருமுறை மாற்றுக. இரண்டு வடிகட்டிகளேனும் படகில் இருப்பில் இருக்கட்டும்.

விவசாயப் பெருமக்களுக்கு

கடலைக் காணாத ஊர்களிலும் ஆயில் எஞ்சினும் டிராக்டரும் உள்ளன. டீசல் பீப்பாயை மழையில் நிறுத்தினால் மேல்மூடியைச் சுற்றித் தேங்கும் நீர் உள்ளே இறங்கும். பீப்பாயைச் சற்றே சாய்த்து, நீர் மூடியை எட்டாதவாறு நிழலில் வைக்கவேண்டும். அடியில் எஞ்சிய கலங்கலை எஞ்சினில் ஊற்றலாகாது. காலிப் பீப்பாயை அறுத்துக் களத்துக்கு உபயோகப்படுத்த எண்ணுவோர், மேலே வெறுந்தொட்டியைப்பற்றிக் கூறியதை மறுமுறை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். நிலத்தில் எஞ்சின் நின்றால் மடை வறளும். பீப்பாய் வெடித்தாலோ நிலத்திலும் கடலிலும் இழப்பு ஒன்றே.

ஊராட்சி செய்யக்கூடியவை

மே முதல் நாள் நடைபெறும் கிராம சபை, தடைக்காலத்தின் இடையில் வருகிறது. கடற்கரை ஊராட்சிகள் அன்று இதனைப்பற்றி அரை மணி நேரம் பேசலாம். எந்தெந்தப் படகின் தொட்டி எந்த ஆண்டில் வைக்கப்பட்டது என்று ஒரு பட்டியல் எழுதலாம். சோதனைக்குரிய 2 மீட்டர் குழாயையும் கைப்பம்பையும் பொதுவில் வாங்கி வைக்கலாம். படகு செப்பனிடும் இடத்தில் மணல் வாளிகளை நிறுத்தலாம். கழிவு டீசலையும் அழுக்கையும் கடலிலோ மணலிலோ கொட்டாமல் சேர்த்துவைக்க மூடியுள்ள பீப்பாய் ஒன்றை அமைத்து, கழிவெண்ணெய் வாங்க அனுமதி பெற்றவரிடம் சேர்ப்பிக்கலாம். இவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. கூடிப் பேசினால் நடப்பவை.

மேலே கூறிய படகு 2022-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் புதிய தொட்டிகளுடன் கடலுக்குச் சென்றது. சென்ற முறை நாம் அவ்வூருக்குப் போயிருந்தபோது, முதிய ஓட்டுநர் நம்மை எஞ்சின் அறைக்கு அழைத்துச் சென்று, தொட்டியின் அடியில் கையை விட்டுத் தடவி, உலர்ந்த கையை நம்மிடம் நீட்டிக் காட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை. நம் கடற்கரையிலுள்ள ஒவ்வொரு படகிலும் அந்தக் கை அவ்வாறே உலர்ந்து வருமாறு செய்தல் நம் கடமையாகும். வெள்ளம் வருமுன் அணை போடுவோம். ஐப்பசிக் காற்று வருமுன் தொட்டியைப் பார்ப்போம்.